இரண்டு விரல் நுனி: இது எந்தப் பாட்டு?

ஏப்ரல் 14 என்றால் எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் வழக்கமாகப் பேச்சுப்போட்டி நடக்கும். "அண்ணல் கண்ட கனவு" என்று தலைப்புக் கொடுப்போம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து வந்து ஒப்பிப்பார்கள், நாங்கள் கைதட்டுவோம். இந்த முறை பிள்ளைகளே மறுத்துவிட்டார்கள். "போரடிக்குதுக்கா, குவிஸ் வைங்க" என்றார்கள். சரி என்றோம்.

படிப்பகம் இருப்பது வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு காலனியில். தெருவில் பாதிப் பேருக்குப் பட்டாசு வேலை, மீதிப் பேருக்கு அச்சகத்திலோ தீப்பெட்டியிலோ வேலை. குவிஸை நடத்த வந்தவர் எங்கள் பழைய மாணவர். இப்போது சென்னையில் பொறியியல் படிக்கிறார். கருப்பு டிசர்ட்டில் மண்டையோடு போட்டுக்கொண்டு திரிகிற, ஹெவி மெட்டல் கேட்கிற தம்பி. கடைசிச் சுற்றுக்கு அவர் வைத்த பெயர் "எந்தப் பாட்டு?". விஜய் டிவியில் ஜெகன் நடத்திய கனெக்‌ஷன் நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சம்பந்தமே இல்லாத மாதிரி நாலு படம் காட்டுவார்கள், அவற்றைக் கோத்தால் ஒரு பாட்டு வரும். இன்று கல்லூரிக் கல்ச்சுரல்ஸில் இந்தப் போட்டி இல்லாத இடமில்லை. தம்பி படத்துக்குப் பதிலாகச் சார்ட்டில் குறிப்பு எழுதி ஒவ்வொன்றாகத் திறந்தார். கடைசிக் கேள்வி இது.

முதல் குறிப்பு: இரண்டு டோனிகள். இரண்டாவது: ஒரு தகடு வேலைத் தொழிற்சாலை, 17 வயதுப் பையன், அவனுக்கு வேலையில் கடைசி நாள். மூன்றாவது: இரண்டு விரல் நுனி, ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில். நான்காவது: 26.

நான்காவது திறந்ததும் பையன்கள் அணி பிடித்துவிட்டது. 26 என்றால் இரும்பின் அணு எண். டோனி என்றால் மார்வெல் படத்தில் வரும் டோனி ஸ்டார்க். "அயர்ன் மேன்!" என்று கத்தினார்கள். விடை சரி. பிளாக் சபாத் குழு 1970-இல் வெளியிட்ட பாட்டு. இன்னொரு டோனி, அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி. பத்து மதிப்பெண்.

நாங்கள் இதை எழுத உட்கார்ந்தது அந்தப் பத்து மதிப்பெண்ணுக்காக அல்ல. இரண்டாவது குறிப்பு திறந்தபோதே ஒரு பெண் கையைத் தூக்கியிருந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பெண். "பாட்டுப் பேரு தெரியாதுண்ணே. ஆனா என்ன நடந்துச்சுன்னு சொல்லவா?" என்று கேட்டாள். சொல்லு என்றார் தம்பி.

"அந்த மிஷின்ல வழக்கமா உட்கார்ற ஆளு அன்னைக்கு வந்திருக்க மாட்டாரு. இவன் வேற வேலை பாக்கிற பையனா இருப்பான். நீ போய் உட்காருன்னு சொல்லியிருப்பாங்க. அதான் கை மாட்டிருச்சு."

தம்பி தன் போனில் வைத்திருந்த குறிப்பைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். அவள் சொன்னது அப்படியே சரி. அயோமியின் வேலை வெல்டிங். அவருக்குத் தகட்டை அழுத்தி வெட்டிக் கொடுக்கும் ஆள் அன்று வேலைக்கு வரவில்லை. இவரைப் போய் அந்த இயந்திரத்தில் நிற்கச் சொன்னார்கள். பழக்கமில்லாத இயந்திரம். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனியை இழந்தன. அவர் இடதுகைப் பழக்கக்காரர். அதனால் கிட்டார் தந்தியை அழுத்துவது வலது கைதான். போனது அந்தக் கையின் விரல்கள்.

"சரிதான். ஆனா பாட்டுப் பேரு சொல்லணும்ல" என்றார் தம்பி. விதி அதுதான், மதிப்பெண் இல்லை. எதிரணிப் பையன் ஒருவன் சும்மா இல்லாமல், "முன்னாடியே கூகுள் பண்ணிட்டு வந்துட்டா" என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "எங்கம்மாவுக்கு அப்படித்தான்டா போச்சு."

'ஸ்லம்டாக் மில்லியனர்' படம் பார்த்திருப்பீர்கள். சேரிப் பையன் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்கிறான் என்பதாலேயே போலீஸ் அவனைப் பிடித்து அடிக்கும். ஒருவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லாத விஷயம் தெரிந்திருந்தால் அது திருட்டாகத்தான் இருக்கும் என்ற எண்ணம். அந்தப் படத்தின் மீது எங்களுக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு, ஆனால் அந்தக் காட்சி பொய்யில்லை. அன்று எங்கள் படிப்பகத்துக்குள்ளேயே, எங்கள் பிள்ளைகளுக்கு நடுவிலேயே, அது ஒரு முறை நடந்தது.

இந்த அயோமி கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தோழர்களில் பலருக்கு மெட்டல் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் முடி வளர்த்துக் கத்துகிற இசை என்ற எண்ணம் இருக்கிறது. அது பிறந்த இடத்தைப் பார்த்தால் அப்படி நினைக்க மாட்டார்கள்.

பர்மிங்ஹாம் இங்கிலாந்தின் தொழிற்சாலை நகரம். ஆஸ்டன் அதன் உழைக்கும் மக்கள் பகுதி. பிளாக் சபாத்தின் நான்கு பேரும் அங்கிருந்து வந்தவர்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கார் ஹாரன் சோதிக்கும் வேலை பார்த்தவர், பிறகு மாடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர். பிற்காலத்தில் அவர் அதை ஒளித்ததில்லை, பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். நம் ஊரில் அதே வேலை ஒருவரின் தாத்தா பார்த்திருந்தால்கூட, பேரன் கல்லூரி விடுதியில் அதைச் சொல்ல யோசிப்பான். வேலை ஒன்றுதான். அங்கே அது ஒருவன் கொஞ்சநாள் பார்த்த வேலை. இங்கே அது ஒரு குடும்பத்தின் மேல் தலைமுறை தலைமுறையாக ஒட்டவைத்த பெயர்.

விபத்து நடந்த அன்று அயோமிக்கு அந்த வேலையில் கடைசி நாள். ஒரு குழுவோடு ஜெர்மனிக்கு வாசிக்கப் போகிறார். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனி போகவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஒழுங்காக வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பியிருக்கிறார். மதியத்துக்கு மேல் விரல் போனது. இனி கிட்டார் வாசிக்க முடியாது என்றார்கள் மருத்துவர்கள். அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் அவரைப் பார்க்க வீட்டுக்கு வந்தார், கையில் ஓர் இசைத்தட்டு. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ரோமா இனக் கலைஞர் வாசித்தது. 1928-இல் வண்டிவீடு தீப்பிடித்து இடது கையின் இரண்டு விரல் முடங்கிப் போன பிறகும், மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் பெரிய ஜாஸ் கிட்டார் கலைஞர்களில் ஒருவர் ஆனவர்.

அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். அதன் மேல் தோல் ஒட்டினார். சாதாரணத் தந்தியை அழுத்தினால் வலித்தது. பாஞ்சோ என்ற வாத்தியத்தின் மெல்லிய தந்திகளை வாங்கிப் போட்டார். பிறகு தந்தியைத் தளர்த்தினார். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் மூன்று அரைச்சுரம் கீழே இறக்கிவிட்டார்கள். தந்தி தளர்ந்தால் ஒலி தடிக்கும், இருளும். உலகம் முழுக்க இன்று மெட்டல் என்று கேட்கிற அந்தக் கனத்த ஒலிக்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் வலிக்கிற விரலும் இருக்கிறது. 'அயர்ன் மேன்' பாட்டின் கதையும் மார்வெல் கதை அல்ல. உலகம் அழியப்போவதைக் கண்ணால் பார்த்தவன் மக்களை எச்சரிக்கத் திரும்பி வருகிறான், வரும் வழியில் இரும்பாக மாறிவிடுகிறான், பேச்சு வரவில்லை, யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் அவனே அந்த அழிவைச் செய்கிறான்.

கேட்டால் சிலிர்க்கிறது. எங்களுக்கும் சிலிர்த்தது. அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்த பிறகு அந்தச் சிலிர்ப்பின் மேல் சந்தேகம் வந்தது.

அவர் பட்டாசு ஆலையில் காகிதக் குழாய் ஒட்டுகிறவர். எண்ணிக்கைக் கூலி. தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடக்கிற வாரங்களில் சிவகாசி அச்சகங்களில் காலண்டர் வேலை மும்முரமாக இருக்கும். பட்டாசுப் பெண்கள் பலர் அப்போது அங்கே போவார்கள். இவரும் அடுக்கிக் கட்டுகிற வேலைக்குத்தான் போனார். ஒருநாள் வெட்டுகிற மிஷின்காரர் வரவில்லை. "நீ கொஞ்சம் பாத்துக்கம்மா" என்றார்கள். வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. இவரையும் பார்க்க மேஸ்திரி வந்தார். கையில் இசைத்தட்டு இல்லை. எழுதாத வெள்ளைத்தாள் இரண்டும் நாலாயிரம் ரூபாயும் இருந்தன. கையெழுத்துப் போடுகிற கை கட்டுக்குள் இருந்ததால் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு போனார்.

விபத்து நடந்ததால்தான் மெட்டல் பிறந்தது என்று யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. "தடையைப் படியாக்கியவர்" என்று நம் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களும் சொல்வார்கள். எங்களுக்கு இந்தக் கதை சொல்லும் முறையோடு சண்டை உண்டு. விரல் போனவர்கள் எல்லாருக்கும் இசை பிறப்பதில்லை. அயோமியின் பிடிவாதத்தையும் திறமையையும் நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் பிறந்த அதே 1948-இல்தான் பிரிட்டனில் எல்லாருக்கும் இலவச மருத்துவம் கொண்டுவந்தார்கள். ஒரு தொழிலாளி வீட்டுப் பையன் கிட்டார் வாங்கவும், ஒரு குழுவோடு வெளிநாடு போகவும் நினைக்க முடிந்த காலம் அது. அந்தப் பின்னணியை வெட்டி எறிந்துவிட்டு விரலை மட்டும் காட்டினால், விரல் இழந்தும் ஒன்றும் சாதிக்காதவர்கள் சோம்பேறிகள் என்று ஆகிவிடும். அந்த அம்மா இன்று குழாய் ஒட்டுகிறார், முன்பு ஒட்டியதில் பாதிதான் முடிகிறது. ஒட்டுகிற வேலையில் ஆள்காட்டி விரல் எவ்வளவு முக்கியம் என்று ஒரு காகிதத்தைச் சுருட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

விரலுக்குச் சட்டத்தில் விலை இருக்கிறது. 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையைத் தோழர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். சமூகவியல் முதுகலையில் உடலும் உழைப்பும் பற்றி எங்களுக்கு இரண்டு தாள் இருந்தது. இந்த அட்டவணையை யாரும் காட்டவில்லை. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. முழு ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. கணுக்கணுவாகவும் கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு என்றால் 11. நடுவிரலில் ஒரு கணு 7, மோதிர விரலில் ஒரு கணு 5. அயோமிக்கு ஒவ்வொரு கணு போனதாக வைத்துக்கொண்டால், நம் அட்டவணைப்படி அவர் இழந்தது 12 விழுக்காடு. ஒரு கிட்டார் கலைஞருக்கு 12. குழாய் ஒட்டுகிற பெண்ணுக்கு 11. எந்தக் கையால், என்ன வேலை செய்கிறவர் என்று அட்டவணை கேட்பதில்லை. அந்த 11-ஐ வாங்குவதற்கே முதலில் நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்று நிரூபிக்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் சாவுக்கு மட்டும் எண்ணிக்கை இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி. அன்று செத்தவர்கள் முப்பதுக்கும் மேல், அதில் காப்பாற்ற ஓடிப்போனவர்களும் உண்டு. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், இருபதுக்கு மேல். 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டைப் பக்கம். 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் செய்தியின் கடைசி வரி "காயமடைந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்" என்று முடியும். அந்த வரிக்குப் பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்று எந்தப் பத்திரிகையும் எழுதாது. விரல், கண், வெந்த தோல், இவற்றுக்கு நினைவுநாள் கிடையாது. நாங்கள் உட்பட, உண்மையறியும் குழு என்று கிளம்புகிறவர்களும் செத்த வீட்டுக்குத்தான் போகிறோம்.

குவிஸ் விஷயத்துக்கு வருகிறோம். போட்டி முடிந்த பிறகு எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. மூத்த தோழர் ஒருவர், "அம்பேத்கர் பிறந்த நாளில் வெள்ளைக்காரன் பாட்டெல்லாம் எதுக்கு? பறை இருக்கு, கானா இருக்கு, நம்ம பாட்டைக் கேளுங்க" என்றார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. இந்தியாவில் குவிஸ் வந்த வழி அப்படி. முதல் பொது குவிஸ் 1967-இல் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் நடத்தியது. பிறகு 1972 முதல் வானொலியில் போர்ன்விட்டா குவிஸ், 1985-இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் குவிஸ் டைம். எல்லாம் ஆங்கிலப் பள்ளி, கிளப், கான்வென்ட் சீருடை. அதில் "பொது அறிவு" என்று பெயர் வாங்கியது பெரும்பாலும் சில வீடுகளின் புத்தக அலமாரியில் இருந்த அறிவுதான். வயலில் எந்த மாதம் என்ன புழு வரும் என்பது பொது அறிவு ஆகவில்லை. விம்பிள்டனில் யார் ஜெயித்தார் என்பது ஆனது.

ஆனாலும் தோழரோடு எங்களுக்கு உடன்பாடில்லை. பறை நம் உரிமை, அது நமக்குப் போட்ட வேலியாக மாறக் கூடாது. நம் பிள்ளை கிட்டார் பக்கம் போனால் "உன் இடம் இதில்லை" என்று அடுத்தவன் சொல்வதை நாமே ஏன் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்? 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒன்றாகத்தான் வந்தன. அயோத்திதாசர் காலத்துச் "சாதி பேதமற்ற" என்ற சொல்லை அவர்கள் மின்சாரக் கிட்டாரோடு சேர்த்துத் தூக்கி வந்தார்கள். அதில் எதுவும் குறைந்துவிடவில்லை.

க்ளூ போட்டு விடை கண்டுபிடிப்பதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. மனப்பாடம் செய்தவனுக்கு அங்கே முழு வெற்றி கிடையாது. ஒன்றையும் இன்னொன்றையும் கோக்கத் தெரிய வேண்டும். யாருக்கு எது தெரியும் என்பதை க்ளூ எழுதுகிறவர்தான் தீர்மானிக்கிறார். ஆகவே க்ளூ எழுதுகிற பேனாவை நாம் கையில் எடுக்க வேண்டும். பேனாவை நாம் எடுத்தால் என்ன ஆகும் என்று அடுத்த வாரமே சோதித்துப் பார்த்தோம். கேள்விகளைப் பிள்ளைகளும் நாங்களும் சேர்ந்து எழுதினோம்.

ஒரு கேள்வி. 2021-இல் உலகமே கேட்ட பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய ஒரு பாட்டி. பிறகு ஒரு பத்திரிகை அட்டை, அதில் இருக்க வேண்டிய ஒருவர் இல்லை. விடை 'என்ஜாயி எஞ்சாமி'. பாட்டி அறிவின் பாட்டி வள்ளியம்மாள். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், எழுதிப் பாடிய அறிவு இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை போட்டார்கள். பாட்டை எல்லாப் பிள்ளைகளும் சொன்னார்கள். அட்டையில் இல்லாதவர் யார் என்பதை இரண்டு பேர்தான் சொன்னார்கள். அதைப் பேசவே அன்று அரைமணி நேரம் போனது.

இன்னொரு கேள்வி, கருப்பு டிசர்ட் தம்பியைச் சீண்டுவதற்காகவே வைத்தது. தலைப்பு: ஹெவி மெட்டல். க்ளூ ஒன்று, இதன் பெயருக்கே கிரேக்க மொழியில் "கனமானது" என்று பொருள். இரண்டு, 2015-இல் மூன்று கைக்குழந்தைகள் பெயரில் டெல்லியில் ஒரு வழக்கு. மூன்று, பச்சை நிறம். நான்கு, 2018 அக்டோபர் 23. தம்பி இசைக்குழு பெயர்களை யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பச்சை என்றதும் ஆறாம் வகுப்புப் பையன் கத்தினான்: "பேரியம்!"

அவனுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. உச்ச நீதிமன்றம் அன்று பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. அதற்குப் பின் இந்தத் தெருவில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். (பேரியம் உண்மையில் அவ்வளவு கனமான உலோகம் இல்லை, அதன் தாதுதான் கனம் என்று தம்பி பிறகு விளக்கினார். தோற்ற கடுப்பு.) தடையை நாங்கள் எதிர்க்கவில்லை. டெல்லிக் குழந்தைகளின் நுரையீரல் காப்பாற்றப்பட வேண்டியதுதான். அந்த மருந்தைச் சலித்துக் கலந்து காயவைக்கிறவர்களின் நுரையீரலும் அதே நுரையீரல்தான். அவர்களுடைய கைக்குழந்தைகள் பெயரில் அப்படி ஒரு வழக்கைப் போட நாம் யாரும் முன்வரவில்லை. தடை வந்தால் மாற்று வேலை என்ன என்பதும் அதே தீர்ப்பின் பாகமாக இருந்திருக்க வேண்டும்.

ஸ்ட்ரான்சியம் கேள்வி ஒன்றும் வைத்தோம். ஸ்காட்லாந்தில் ஈயச் சுரங்கம் இருந்த ஸ்ட்ரான்சியன் என்ற ஊரின் பெயர்தான் அந்தத் தனிமத்துக்கு வந்தது. மத்தாப்பில் சிவப்பு அதுதான். யாருக்கும் தெரியவில்லை. "சுரங்க வேலைக்காரங்க ஊர் பேரைத் தனிமத்துக்கு வச்சிருக்காங்க. நம்ம ஊர் பேரை எதுக்குக்கா வைப்பாங்க?" என்று கேட்டாள் ஒரு சின்னவள். "விபத்துக்குத்தான்" என்றான் பக்கத்துப் பையன்.

இப்போது அந்தப் பிளஸ் டூ பெண்ணின் வேலைக்கு வருகிறோம். இரண்டாவது குவிஸ் முடிந்த அன்று அவள் ஒரு நோட்டோடு வந்தாள். "எங்கம்மா கேஸையும் இந்த மாதிரி க்ளூவா எழுதிப் பாத்தேன்க்கா" என்றாள்.

பிரச்சினை இதுதான். அம்மாவிடம் சம்பளச் சீட்டு இல்லை, அடையாள அட்டை இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. மருத்துவமனைச் சீட்டில் "வீட்டில் கதவில் விரல் நசுங்கியது" என்று எழுதியிருக்கிறது. கூட்டிப்போனவர் அப்படிச் சொன்னார், அம்மா மயக்கத்தில் இருந்தார். விபத்து நடந்து பதினாலு மாதம் ஆகிவிட்டது. இழப்பீடு கேட்க இரண்டு வருடம்தான் கெடு. இத்தனை நாள் எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "நீங்க செத்த வீட்டுக்குத்தானக்கா வருவீங்க" என்றார் அந்த அம்மா. குத்தலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

நோட்டில் இருந்தது: ஒன்று, அவர்கள் வீட்டுக்குக் கதவே இல்லை, தகரத்தை நிறுத்திச் சாக்குதான் தொங்குகிறது. இரண்டு, அன்று காலை 7:40-க்கு அம்மாவின் போனுக்கு மேஸ்திரி அனுப்பிய குரல் பதிவு. "மிஷின்காரன் வரல, நீ நேரத்தோட வந்துரு" என்கிறது. போன் உடைந்துபோனாலும் பதிவு அக்காளின் போனில் இருக்கிறது. மூன்று, அந்த வாரம் வெட்டிய காலண்டரின் ஓர் ஓரத்துண்டு, பாடப்புத்தகத்துக்கு அட்டை போட எடுத்து வந்தது. நான்கு, சீட்டில் பதிந்திருக்கிற நேரம் பகல் 12:15. எந்த நாளும் அந்த நேரத்தில் அம்மா வீட்டில் இருந்ததில்லை என்று சொல்ல, வேன் ஓட்டுகிற அண்ணன் தயாராக இருக்கிறார்.

நாங்கள் பத்து வருடமாக உண்மையறியும் அறிக்கை எழுதுகிறோம். இவ்வளவு ஒழுங்காக நாங்கள் அடுக்கியதில்லை. வழக்கறிஞர் தோழரிடம் காட்டினோம். கதவு விஷயத்தைப் போட்டோவோடும் வி.ஏ.ஓ. சான்றோடும் வைக்கலாம் என்றார். குரல் பதிவை அழியாமல் பத்திரப்படுத்தச் சொன்னார். அந்த வெள்ளைத்தாளில் அவர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்பதுதான் அவருக்குக் கவலை.

நோட்டில் ஐந்தாம் க்ளூ என்று எழுதி எதிரே காலியாக விட்டிருக்கிறாள். அன்று வேலைக்கு வராத அந்த மிஷின்காரர் அவர். ஏன் வரவில்லை, மிஷினில் ஏற்கெனவே ஏதாவது கோளாறு இருந்ததா, அவர் சொல்லியும் சரிசெய்யாமல் விட்டார்களா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இப்போது சாத்தூர்ப் பக்கம் வேறு அச்சகத்தில் இருக்கிறாராம். மூன்று முறை போன் போட்டோம், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போகிறோம். அவளும் வருகிறாள். முதலில் தான்தான் பேச வேண்டுமாம், நாங்கள் பேசினால் அவர் பயந்துவிடுவாராம்.